ஜாக்கிக்கு லீவு உண்டா?

இங்கிலாந்தில் பெரும்பாலான குதிரை ரேஸ் ஜாக்கிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சவாரிக்கு இவ்வளவு என்று கூலி. லீவு போட்டால் அன்றைய வரும்படி போச்சு.

அங்கு கிறிஸ்துமஸ், அதற்கு முந்தைய நாள் ரேஸ் இல்லை. மற்றபடி அநேகமாக தினமும் ரேஸ்தான். புனித வெள்ளி விடுமுறையும் 2014-ல் போய்விட்டது.

முன்பெல்லாம் மதியம் ஒரு ஊர், சாயங்காலம் வேறு ஊர் என்று காரில் அலைவார்கள். கொரோனாவால் 2020-ல் "ஒரு நாளைக்கு ஒரு மைதானம்தான்" என்று கட்டுப்பாடு வந்தது. சவாரி குறைந்தாலும் அலைச்சல் மிச்சம் என்று ஜாக்கிகள் பலரும் ஆதரித்தனர். 2022-லும் அது நீடித்தது.

வியர்வை சிந்தி எடை குறைக்கும் சானா அறைகளும் மைதானங்களில் 2021-ல் நிரந்தரமாக மூடப்பட்டன.

ஓடும்போதே பின்னால் ஆம்புலன்ஸ் வரும் தொழில் இது. அசதியோடு ஏறினால் உயிருக்கே ஆபத்து.