வரமும் விலையும்: தமிழ்ச் சிறார் மாயக்கதைகளில் வேண்டுதலின் வரலாறு – சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

கேட்டதைப் பெறுதலும் பெற்றதால் இடருறுதலும் சிறார் மாயக்கதைகளின் பழமையான கூறுகள். இத்தகைய கதைகளைப் 'பேராசை பெருநட்டம்' என்னும் ஒற்றை நீதிக்குள் அடக்கிக் கற்பிப்பது பெருவழக்காக உள்ளது. ஆனால், அவை எழுப்பும் அடிப்படை வினா வேறு. வரத்திற்கு விலை உண்டெனில் அதனைச் செலுத்துபவர் யார் என்பதே அவ்வினா. சங்கரன்கோவில் தலக்கதை, விக்கிரமாதித்தன் கதை, 'பாதாள பைரவி' திரைப்படம் ஆகிய மூன்றின்வழி இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

வட்டாரப் பின்புலம்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பனவடலிசத்திரம். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்குமிடம். நிலத்தையும் பயணத்தையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் இது. இச்சாலை சென்றடையும் சங்கரன்கோவிலின் தலக்கதையே ஒரு வேண்டுதலின் கதையாகும். சிவனையும் திருமாலையும் ஓருருவில் காண விரும்பிய கோமதியம்மை ஒற்றைக்காலில் தவமிருந்து சங்கரநாராயணர் காட்சியைப் பெற்றாள் என்பது அது. ஆடித்தபசு விழா அதனை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. விழாக்காலத்தில் அடியார் கோயிலைச் சுற்றிவரும் 'ஆடிச்சுற்று', தவமிருக்கும் அம்மையின் கால்வலியைத் தாம் பகிர்ந்துகொள்வதாகவே நம்பப்படுகிறது. இங்கு வேண்டுபவரே தம் உடலால் விலை செலுத்துகிறார். பிறர் அவ்விலையில் விரும்பிப் பங்கேற்கின்றனர்.

காளி கேட்ட தலை

விக்கிரமாதித்தன் கதையில் விலையின் இயல்பு மாறுகிறது. தான் அளித்த அரியணையில் ஆயிரம் ஆண்டுகள் அமர்ந்து ஆளும் வரத்தை இந்திரன் விக்கிரமாதித்தனுக்கு வழங்குகிறான். அமைச்சன் பட்டி, தனக்கு ஈராயிரம் ஆண்டு வாழ்நாள் வேண்டுமெனக் காளியிடம் கேட்கிறான். அவளோ விக்கிரமாதித்தனின் தலையைக் கேட்கிறாள். பட்டி அதனைக் கொய்து படைத்து வரம் பெறுகிறான். பின்னர், 'இந்திரன் கொடுத்த ஆயிரம் ஆண்டே பொய்த்துவிட்டபோது நீ கொடுத்த வரம் எவ்வாறு நிலைக்கும்?' என்று வினவுகிறான். காளி மகிழ்ந்து மன்னனை உயிர்ப்பிக்கிறாள். வரம் அரியணையில் அமரும் காலத்தையே குறிப்பதால், நாட்டில் ஆறு மாதமும் காட்டில் ஆறு மாதமும் வாழ்ந்தால் ஆயிரம் ஆண்டு ஆட்சி ஈராயிரம் ஆண்டு வாழ்வாகும் என்று பட்டி வழிகாண்கிறான். 'காடாறு மாதம் நாடாறு மாதம்' என்னும் வழக்கு இக்கதையோடு பிணைந்தது.

இதில் பேராசை தண்டிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. சொல்லின் எல்லையை உணர்ந்த அறிவு வெல்கிறது. எனினும், ஒருவன் வரத்திற்கு உறங்கும் மற்றொருவன் விலையாகிறான். உச்சினிமாகாளி கோயில்கள் பரவலாக உள்ள நெல்லை வட்டாரச் சிறாருக்கு இக்கதையின் உஜ்ஜயினிக் காளி தொலைநாட்டுத் தெய்வம் அல்லள்.

அச்சும் திரையும்

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறார் இதழ் தமிழில் 'அம்புலிமாமா' எனப் பெயர் பெற்றது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் ஓவியர் சங்கரின் தூரிகைவழி இதன் அடையாளமாயினர். இவ்விருவரின் விஜயா நிறுவனமே 1951இல், கே. வி. ரெட்டி இயக்கத்தில், 'பாதாள பைரவி'யைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட்டது. இப்படம் மதிர சுப்பண்ண தீட்சிதரின் 'காசி மஜிலி கதலு' என்னும் தெலுங்குக் கதைத்தொகுதியையும் அலாவுதீன் கதையையும் தழுவியது. 'மஜிலி' என்பது பயணத்தின் வழித்தங்கல். காசிக்குச் செல்வோர் ஒவ்வொரு தங்கலிலும் கதை பேசுவதாக அத்தொகுதி அமைந்துள்ளது. சத்திரங்கள் தோன்றிய பயணப் பண்பாடே இதற்கும் களமாகும்.

படத்தின் நாயகன் உஜ்ஜயினி இளவரசியை விரும்பும் எளிய குடியினன். கேட்டதை அருளும் சிலையைப் பெறுவதற்காக நேபாள மாந்திரீகன் அவனைப் பாதாள பைரவிக்குப் பலியிட முயல்கிறான். உண்மையறிந்த நாயகன் மாந்திரீகனையே பலியிட்டுச் சிலையைப் பெறுகிறான். ஆனால், மாந்திரீகன் உயிர்பெற்று மீண்டு, சூழ்ச்சியால் சிலையைக் கைப்பற்றியதும் அது அவனுக்கும் அவ்வாறே பணிகிறது. நல்லவன், தீயவன் என்ற வேறுபாடு அதற்கில்லை. செல்வத்தையும் காதலியையும் இழந்த பின்னரே நாயகன் இதனை உணர்கிறான்.

ஒப்பீடு

ஆங்கிலத்தில் 1902இல் வெளிவந்த இரு படைப்புகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. ஈ. நெஸ்பிட்டின் சிறார் புதினத்தில் மணல்தேவதை தரும் வரங்கள் கதிரவன் மறைந்ததும் நீங்கிவிடும். சிறுவர்க்கு எஞ்சுவது சங்கடமும் நகையும். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் குரங்குப்பாதக் கதையிலோ, இந்தியப் பக்கிரி ஒருவர் மந்திரித்த பாதத்திடம் கேட்ட 200 பவுன், மகனின் இறப்பிற்கான ஈட்டுத்தொகையாக வந்து சேர்கிறது. பின்னதில் விலை கேட்டவருக்கு முன்னரே தெரிவதில்லை. தமிழில் வழங்கும் இக்கதைகளில் விலை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகவே, கேட்பவர் அறியாமையைக் காரணம் காட்ட இயலாது.

முடிவுரை

கோமதியம்மை தன்னை வருத்திக்கொள்கிறாள். பட்டி பிறன் தலையைக் கொடுத்துப் பின் மீட்கிறான். மாந்திரீகன் பிறனைக் கொடுக்க முயன்று தானே பலியாகிறான். ஆசைப்படுதல் இவற்றில் குற்றமாகக் கருதப்படவில்லை. விலையைப் பிறர்மேல் சுமத்துவதே கதையை இடருக்குள் செலுத்துகிறது. பேராசையைக் கண்டிக்கும் நீதி, இல்லாதவரின் நியாயமான வேண்டுதலையும் குற்றமாக்கிவிடும் இயல்புடையது. எனவே, இக்கதைகளை வகுப்பறையில் பயிற்றும்போது 'அவன் ஏன் ஆசைப்பட்டான்?' என்பதினும் 'அதற்கு யார் விலை கொடுத்தார்?' என்னும் வினாவே சிறாரின் சிந்தனைக்கு உரியதாகும்.