மொஹாலிக்குப் போன மலைநாடு

2013 செப்டெம்பர் 17ஆம் திகதி இரவு, பஞ்சாபின் மொஹாலி மைதானத்தில் இலங்கை மலைநாட்டின் கண்டுரட்ட மெரூன்ஸ் என்ற அணி முதலில் துடுப்பெடுத்தாடியது. எதிரே ஐதராபாத்தின் சன்ரைசர்ஸ். கண்டுரட்ட 20 ஓவர்களில் 3 விக்கெட்டுக்கு 168 ஓட்டங்கள். அதில் குமார் சங்கக்காரவுக்கு ஆட்டமிழக்காமல் 61. அந்த ஆண்டு ஐபிஎல் தொடங்கியபோது சன்ரைசர்ஸின் தலைவராக இருந்தவர் இதே சங்கக்கார. சில மாதங்கள் கழித்து, தான் தலைமை தாங்கிய அணியின் பந்துகளையே எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஓட்டங்கள் போதவில்லை, சன்ரைசர்ஸ் 8 விக்கெட்டுகளால் வென்றது.

இந்தக் கூத்துக்கு மேடை போட்டது சாம்பியன்ஸ் லீக் டுவென்டி20. நாடுகள் மோதும் கிண்ணம் அல்ல. கண்டங்கள் தாண்டிக் கழகங்கள் மோதும் கிண்ணம். கால்பந்தில் இது பழைய ஆசை. ஐரோப்பாவின் சாம்பியனும் தென்னமெரிக்காவின் சாம்பியனும் 1960இலிருந்து 2004வரை மோதிக்கொண்டார்கள். ஆசியாவும் ஆபிரிக்காவும் 1986இல் தங்களுக்கென ஒரு கழகக் கிண்ணத்தைத் தொடங்கின. 1998இல் மொரோக்கோவின் ராஜா கசபிளாங்கா வென்றதோடு அது முடிந்தது. 2006 உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்பு தென்னாபிரிக்காவுக்குக் கிடைக்காமல் ஜேர்மனிக்குப் போனதும், ஆசியா கைவிட்டுவிட்டது என்று ஆபிரிக்கச் சம்மேளனம் உறவை முறித்துக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கிண்ணத்தை யாரும் தூசு தட்டவில்லை.

கிரிக்கெட்டின் கிண்ணத்துக்குப் பணப் பஞ்சம் இருக்கவில்லை. இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கச் சபைகள் 50, 30, 20 வீதப் பங்குகளோடு அதை உருவாக்கின. பத்தாண்டு ஒளிபரப்பு உரிமைக்கு ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஏறத்தாழ 90 கோடி அமெரிக்க டொலர் தர ஒப்புக்கொண்டது. 2008 டிசம்பரில் நடக்கவேண்டிய முதல் தொடர் மும்பைத் தாக்குதல்களால் நின்றுபோக, 2009 ஒக்டோபரில்தான் பந்து உருண்டது.

இலங்கை இதில் பங்குதாரர் அல்ல, விருந்தாளி. முதல் இரு ஆண்டுகள் வயம்ப அணி நேரடியாகப் பிரதான சுற்றில் ஆடியது. 2011இலிருந்து இலங்கைச் சாம்பியன் தகுதிச் சுற்று என்ற வாசற்படியில் நிற்கவேண்டியதாயிற்று. ருஹுண, ஊவா, கண்டுரட்ட, சதர்ன் எக்ஸ்பிரஸ் என்று ஆண்டுக்கு ஒன்றாகப் போன நான்கில் ஒன்றுகூட அந்தப் படியைத் தாண்டவில்லை. அதே 2011இல் ஐபிஎல் அணிகள் மட்டும் நான்கு உள்ளே இருந்தன. விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்காரரே பந்தியை நிரப்பிக்கொண்டார் என்றால் மிகையில்லை.

இந்தப் போட்டியின் உண்மையான சுவாரசியம் ஒரு விதியில் இருந்தது. ஒரே வீரருக்கு இரண்டு அணிகளில் உரிமை இருந்தால் யாருக்கு ஆடுவது? சொந்த ஊர் அணிக்கு ஆடினால் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. ஐபிஎல் அணிக்குப் போனால், அந்த அணி சொந்த ஊர் அணிக்கு 1,50,000 டொலர் நட்டஈடு கட்டவேண்டியிருந்தது. சிறிய சபைகளுக்கு அது சின்னத் தொகையல்ல; நல்ல வீரர் போனால் பணம், நின்றால் பலம். திசர பெரேரா சன்ரைசர்ஸ் பக்கம் நின்றார். சங்கக்கார கண்டுரட்டவைத் தெரிந்தெடுத்து, லஹிரு திரிமான்னவின் தலைமையில் ஆடினார்.

மலைநாட்டின் பெயரைத் தாங்கிய அந்த அணியில் மலைநாட்டார் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமானது. திரிமான்ன மொறட்டுவையில் படித்தவர். உபுல் தரங்க அம்பலாங்கொடைக்காரர். மாகாண அணிகளைக் கொழும்பிலிருந்து பிரித்துக் கொடுப்பதே அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. சங்கக்கார மட்டும் சந்தேகமில்லாத ஊர்ப்பிள்ளை: மாத்தளையில் பிறந்து, கண்டியில் வளர்ந்து, திரித்துவக் கல்லூரியில் படித்தவர். 1983 கலவரத்தில் அவருடைய தந்தை 35 தமிழ் நண்பர்களுக்குத் தன் கண்டி வீட்டில் அடைக்கலம் கொடுத்ததை, 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் அவரே சொன்னார். கண்டித் தமிழர் பலர் அந்த உரையை அவருடைய சதங்களுக்கு மேலாகவே வைத்திருக்கிறார்கள்.

மொஹாலியில் அடுத்த இரண்டு ஆட்டங்களும் கை நழுவின. நியூசிலாந்தின் ஒட்டாகோ 6 விக்கெட்டுகளால் வென்றது. கடைசி ஆட்டத்தில் பாகிஸ்தானின் பைசலாபாத்துக்காக மிஸ்பா உல் ஹக் ஆட்டமிழக்காமல் 93 அடித்தார்; கண்டுரட்ட 10 ஓட்டங்களால் தோற்றது. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, வீடு திரும்பும் விமானம்.

ஆனால் இதே கிண்ணத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கண்டிக்காரர் வென்றிருந்தார். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து விடைபெற்ற முத்தையா முரளிதரன், இரண்டு மாதம் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் நின்றார். இறுதியாட்டத்தில் எதிரணி தென்னாபிரிக்காவின் வொரியர்ஸ். முரளி 4 ஓவர்களில் 16 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார்; மறுபக்கம் சுழற்றியவர் அஸ்வின். வொரியர்ஸ் 128இல் நிற்க, சென்னை 8 விக்கெட்டுகளால் வென்றது. குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்த குடும்பத்துப் பிள்ளை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர், அஸ்கிரிய மைதானத்தில் ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்தவர். அவர் தொட்ட அந்தக் கிண்ணம் கண்டிக்கு வரவில்லை, சென்னைக்குப் போனது. அதே தொடரின் முன்சுற்றில் சென்னை 97 ஓட்டங்களால் நசுக்கியது இலங்கையின் வயம்பவைத்தான்.

2013இல் அரசியலும் குறுக்கே வந்திருந்தது. அந்த மார்ச்சில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, ஐபிஎல்லின் சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடுவதில்லை என்று முடிவானது. முரளியை மூன்று பருவம் கொண்டாடிய சென்னையின் சேப்பாக்கம் மைதானத்தில் அந்த ஆண்டு அவருக்கும் இடமில்லை, சங்கக்காரவுக்கும் இடமில்லை.

ஆறு தொடர்களில் கிண்ணம் மூன்று நகரங்களுக்கே போனது: சிட்னி, சென்னை, மும்பை, தலா இரண்டு முறை. இந்திய அணிகள் ஆடாத இரவுகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஒளிபரப்பாளருக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. 2015 ஜூலை 15ஆம் திகதி மூன்று சபைகளும் கடையை மூடின. ரசிகர்கள் வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். தகுதிச் சுற்றையும் பங்கு வீதத்தையும் பார்த்தால், வேறு கண்டத்து ரசிகரைத் தங்களுடையவராக அவர்கள் எண்ணவே இல்லை என்பதுதான் சரியான கணக்கு.

2023 ஓகஸ்டில் பி-லவ் கண்டி அணி தம்புள்ளையை வென்று லங்கா பிரீமியர் லீக் சாம்பியனானது. மொஹாலிக்கு வழிகாட்டிய கிண்ணம் அப்போது இல்லை. கண்டியின் பயணம் கொழும்பு இறுதியாட்டத்தோடு முடிந்தது.