சுண்ணாம்புச் சுவரின் வரலாறு



ராயப்பேட்டை மணிக்கூண்டிற்கு அருகே, இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றே ஆகவேண்டிய சிறு சந்து ஒன்று உண்டு. அச்சந்தில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. என் பாட்டனாரின் தந்தையார் அதைக் கட்டினார். தெருத்திண்ணை, ரேழி, நடுமுற்றம், அதைச் சுற்றிய கூடம், பின்கட்டு, கிணறு என்று அக்காலக் குடும்பம் ஒன்றிற்கு வேண்டிய அளவில் அமைந்த வீடு அது. வீட்டை அணி செய்வது பற்றிப் பேசவேண்டும் என்று என்னைப் பணித்தபோது, அவ்வீட்டுச் சுவரே முதலில் என் நினைவிற்கு வந்தது. அச்சுவரை அழகு செய்யப் புகுந்து நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையைத் திருத்த முயன்றபோது இந்நகரத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்துகொண்டேன். அவ்விரண்டையும் இங்கே கூற விரும்புகிறேன்.

என் இளமையில், மார்கழி பாதி கழிந்ததும் எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். பாட்டனார் முற்றத்தில் பெரிய மண்தாழியை வைத்து, அதில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டி நீர் வார்ப்பார். நீர் பட்டதும் அது உலைபோலக் கொதித்துப் புகையும். சிறுவர்களாகிய நாங்கள் திண்ணையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அன்றைய கட்டளை. ஒரு துளி தெறித்தாலும் கண் கெட்டுவிடும் என்று பாட்டியார் அஞ்சுவார்; அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. சில நாள் ஊறியபின் அதைத் துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சியும் நீலமும் கூட்டி, மட்டையால் சுவரில் பூசுவார்கள். பூசிய அன்று சுவர் மங்கலாகத் தோன்றும். மறுநாட் காலையிலோ கண் கூசும் வெண்மை! பொங்கலுக்குள் வீடு முழுவதும் புதுமை பெற்றுவிடும்.

இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. சுண்ணாம்புச் சாந்தினைத் தமிழர் 'சுதை' என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரசியின் அரண்மனையை வருணிக்கும் இடத்தில், வெள்ளியைப் போல ஒளிரும் சுதை பூசப்பட்டிருந்ததைச் சொல்கிறார். செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவரில் பூங்கொடி ஓவியம் படர்ந்திருந்ததையும் சொல்கிறார். சுவரைப் பூசுவதும், பூசிய சுவரை அணி செய்வதும் சங்ககாலத்திலேயே தேர்ந்த கலைகளாக இருந்தன என்பதற்கு இதுவே போதிய சான்று.

சென்னை நகரம் தோன்றியபின் இக்கலை உலகப் புகழ் பெற்றது. கடற்கரையிலும் உப்பங்கழிகளிலும் கிளிஞ்சல் குவியல் குவியலாகக் கிடைத்தது. அதைக் காளவாயில் இட்டுச் சுட்டு நீற்றினால் மிகத் தூய வெண்சுண்ணாம்பு கிட்டும். ராயப்பேட்டைக்குக் கிழக்கே செல்லும் கால்வாய், 1878ஆம் ஆண்டில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதன்வழி விறகும் உப்பும் மட்டுமன்றிக் கிளிஞ்சலும் ஓடங்களில் நகருக்குள் வந்தன.

செயின்ட் எலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சாந்து கூட்டும் முறையை விளக்கி எழுதிய கட்டுரை, 1732ஆம் ஆண்டையொட்டி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று. வெல்லமும் கடுக்காயும் பயறும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பதையும், மேற்பூச்சிற்கு முட்டை வெண்கரு, நெய், தயிர் முதலியவற்றைக் கலப்பதையும் அவர் வியந்து குறித்தார். நம் ஊர்க் கொத்தர்களின் கைப்பக்குவம் அந்நாளைய அறிவியல் உலகின் கவனத்திற்கு உரிய பொருளாயிற்று என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஆங்கில ஓவியர் 1780இல் சென்னைக்கு வந்தார். கடலிலிருந்து பார்த்தபோது கோட்டைக்குள் இருந்த வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த பளிங்கிற்கு நிகரான உறுதியும் மெருகும் உடையதாகத் தோன்றியது என்று 1793இல் வெளியிட்ட தம் பயண நூலில் அவர் எழுதினார்.

அந்த மெருகு எளிதில் வந்ததன்று. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு இடுவர். இறுதிப் பூச்சிற்குரிய சுண்ணாம்பை அம்மியில் சந்தனம்போல அரைப்பர். பூசியபின் மாக்கற்பொடி தூவி, வழுவழுப்பான கல்லினால் நாட்கணக்கில் தேய்ப்பர். கையை வைத்தால் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டாற்போல இருக்கும். செட்டிநாட்டு மாளிகைகளுக்குச் செல்வோர் அத்தகைய சுவர்களை இன்றும் காணலாம்.

கூரையும் இச்சுண்ணாம்பினாலேயே நின்றது. மரவிட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுகச் செய்வார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கட்டடக்கலை நூல்களில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற தளம் இதுவே. எங்கள் வீட்டுத் தளமும் அதுதான்.

எங்கள் பகுதியிலே உள்ள அமீர் மஹால், 1798ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகங்களுக்காகக் கட்டப்பட்டது. 1876 முதல் ஆற்காட்டு இளவரசர் குடும்பத்தின் இல்லமாக விளங்கி வருகிறது. இளவரசரின் மாளிகையும் எங்கள் சந்திலிருந்த எளிய வீடும் செல்வத்தில் எவ்வளவோ வேறுபட்டவை. ஆயினும் இரண்டையும் காத்து நிற்பது செங்கல்லும் சுண்ணாம்புமே.

இனி என் பிழைக்கு வருகிறேன். பெரியோர் மறைந்தபின், ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது வீண் வேலை என்று எனக்குத் தோன்றிற்று. சட்டையில் ஒட்டுகிறது, தரையெல்லாம் சிந்துகிறது, நாகரிகமாகவும் இல்லை என்று எண்ணினேன். 2013ஆம் ஆண்டில் முன்னறையிலும் கூடத்திலும் பழைய பூச்சினைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசச் செய்தேன். அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணமும் தீட்டச் செய்தேன். உள்ளறையையும் அவ்வாறே மாற்றக் கையில் பணம் போதவில்லை. அதனால் அவ்வறை மட்டும் பாட்டனார் விட்டுச்சென்ற சுண்ணாம்போடு தப்பியது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். எங்கள் சந்தில் முழங்காலளவு நீர் நின்றது. நீர் வடிந்தபின் கதவுகளைத் திறந்து வைத்து வெயிலுக்காகக் காத்திருந்தோம். பங்குனி பிறந்தது. சுண்ணாம்பு பூசிய உள்ளறை காய்ந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது. நான் செலவு செய்து அழகு செய்த முன்னறையோ ஈரம் வற்றாமல், வண்ணம் கொப்புளித்து, உப்புப் பூத்து, இடுப்பளவுக்கு மேலும் கறை ஏறிக் கிடந்தது. "சுவர் உளுத்துவிட்டது, அண்ணா. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவோருக்குக் கொடுத்துவிடுவதே நல்லது" என்றான் என் தம்பி. மறுத்துச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

அப்போது, எங்கள் பாட்டனார் காலத்தில் எடுபிடியாக வேலைக்கு வந்து பின்னர்க் கொத்தனாராக உயர்ந்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கரணையின் காம்பினால் சுவரைத் தட்டிக்கொண்டே சென்றார். முன்னறையில் பல இடங்களில் வெற்றுப் பானையைத் தட்டினாற்போன்ற ஓசை எழுந்தது. ஓரிடத்தில் சிமெண்டுப் பூச்சினைப் பெயர்த்து, உள்ளே இருந்த செங்கல்லைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, கல் நன்றாகத்தான் இருக்கிறது. சுவர் கெடவில்லை. அதற்கு மூச்சுவிட வழியில்லை, அவ்வளவுதான்" என்றார்.

பின்னர் உள்ளறைக்குச் சென்று, ஒரு மூலையில் பூச்சின் விளிம்பைச் சிறிது சுரண்டினார். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வெள்ளைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பத்துக்குமேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். இடையே ஒரு மஞ்சள் படலம் இருந்தது. என் அத்தையின் திருமணத்திற்காக அவ்வறைக்கு மஞ்சள் பூசினார்கள் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் பொங்கல்கள் எல்லாம் அங்கே அடுக்கடுக்காக இருந்தன.

கொத்தனார் 'மூச்சு' என்று சொன்னது வெறும் உவமை அன்று, அறிவியல் உண்மை. செங்கற்சுவர், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத் தரையிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிடுகின்றன. வெளியேற இடமில்லாத ஈரம் மேலும் மேலும் ஏறுகிறது. அதனோடு வந்த உப்பு படிகமாகி, பூச்சினை உள்ளிருந்தே தள்ளுகிறது.

சுண்ணாம்பிற்கு மற்றொரு வியப்பும் உண்டு. கிளிஞ்சலை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கிவிடும். நீரிட்டு நீற்றிச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள அதே வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கடலில் ஓடாக இருந்த பொருள் நம் வீட்டுச் சுவரில் மீண்டும் ஓடாகிறது! பூசிய சுண்ணாம்பு நாளாக ஆக வலுப்பதன் காரணம் இதுவே. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூச்சியும் பூஞ்சைக் காளானும் பிழைப்பதில்லை. பாட்டியார் அறிந்திருந்ததும் அதுதான்.

சிமெண்டை நான் இகழ்வதாக நினைக்க வேண்டா. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமை பெற்ற அப்பொருள் இல்லையேல், இன்றைய அணைகளும் பாலங்களும் மாடங்களும் இல்லை. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே நடந்தது, கடற்கிளிஞ்சலைக் கொண்டே அதைச் செய்ய முயன்றார்கள், அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆகவே, குற்றம் சிமெண்டின்மேல் இல்லை. சுண்ணாம்பினால் பிறந்த சுவருக்கு, அதன் இயல்பை அறியாமல் வேறு ஆடை போர்த்திய என்மேல்தான் குற்றம். 2012ஆம் ஆண்டு சனவரியில் தீக்கிரையான சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலைப் பொதுப்பணித் துறையினர் புதுப்பித்தபோது, பழைய முறைச் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்தினார்கள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அந்தக் கோடையில் முன்னறைச் சிமெண்டை நீக்கினோம். செங்கற்களை மூன்று மாதம் வெறுமனே காயவிட்டோம். பின்பு சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கூட்டிய சாந்தினைப் பூசி, அது விரைந்து காய்ந்து வெடிக்காதபடி பல நாள் நீர் தெளித்தோம். செலவும் காலமும் மிகுதியாகவே ஆயின. ஆனால் அடுத்த மழைக்காலம் கழிந்தபோது அவ்வறை மற்ற அறையைப் போலவே காய்ந்தது. வீட்டை இடிப்பது பற்றிய பேச்சு முற்றும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சுவர் உளுத்துவிட்டது என்னும் காரணத்தை மட்டும் இப்போது என் தம்பி சொல்லுவதில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய வீடாயின், முதலில் சுவரின் இயல்பை அறியுங்கள். மறைவான மூலையில் ஒரு நாணயத்தால் கீறிப் பாருங்கள். வெண்பொடி எளிதில் உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறமாகவும் கடினமாகவும் இருந்தால் சிமெண்டு. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள். பூசுமுன் சுவரை நனைத்து, தடித்த ஒரு பூச்சிற்குப் பதிலாக மெல்லிய மூன்று பூச்சு இடுங்கள். உச்சி வெயில் படும்போது பூசாதீர்கள். சுண்ணாம்பு நீற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்; பூசும்போதும் கண்ணுக்குக் காப்பு அணியுங்கள். அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மொட்டைமாடியின் நீர்த்தாரைகளை ஐப்பசி பிறக்குமுன் துப்புரவு செய்யுங்கள். உங்கள் வீடு சிமெண்டினால் ஆனதாயின், கோடையில் மாடித் தளத்திற்கு வெள்ளையடியுங்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்ப, கீழே உள்ள அறையில் வெப்பம் தணியும்.

சென்ற தலைமுறையினர் செய்த வேலை ஒன்றை வீண் என்று விலக்குமுன், அது எதற்காக ஏற்பட்டது என்று ஒருமுறை கேட்டறிவது நன்று. கேட்பதற்குப் பாட்டனார் இல்லாத வீட்டில், சுவரையாவது தட்டிப் பார்க்கலாம்.