ஆற்றின் மீனும் ஊரின் சந்தையும்

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவை அறிந்தோர் அதன் வரலாற்றிற் பாதியை அறிந்தோராவர். எப்பருவத்தில் எது கிடைக்கும், அதனை யார் விளைவிப்பர், யார் விற்பர், யார் உண்பர் என்னும் வினாக்களுக்கு விடை கூறாத வரலாறு குறைவரலாறேயாகும். அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனனஞ் செய்விக்கும் பாடநூல்கள் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை. நாம் இக்கட்டுரையில் எட்டிப் பார்க்க விழைவது ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள அடுப்படியை.

'சமன்' என்னும் பெயர் ஈழத்தவராகிய எமக்குப் புதிதன்று. ரின்களில் அடைத்து எமது கடைகளில் விற்கப்படும் மீனை அப்பெயராலேயே பலரும் வழங்குவர். ஆயின், அந்த ரின்னுள் இருப்பது பெரும்பாலும் வேறொரு கடல்மீன். பெயருக்குரிய உண்மையான மீன், பசிபிக் கரையோர ஆறுகளின் நன்னீரிலே பிறந்து, கடல் சென்று வளர்ந்து, முட்டையிடும் பொருட்டுப் பிறந்த ஆற்றுக்கே மீண்டு, முட்டையிட்டபின் மடிவது. ஆறு எதிர்த்து ஓடினாலும் அருவி குறுக்கிட்டாலும் அது பின்வாங்குவதில்லை.

வாஷிங்ரன், ஒறிகன் மாநிலங்களில் வாழ்வோர் வீட்டுச் சமையல் இம்மீனின் வருகையை ஒட்டியே அமைவது. வசந்தத்தில் கொழுப்பு மிகுந்த சினூக் வகை வரும். அப்பொழுது சந்தையில் அஸ்பரகஸ் தண்டும் பச்சைப் பட்டாணியும் நிறைந்திருக்கும். கோடையில் செந்நிறத் தசையுடைய சொக்ஐ வகையோடு சோளமும் தக்காளியும் செரிப்பழமும் சேரும். இலையுதிர் காலத்தில் கோஹோ வகைக்குப் பூசணியும் அப்பிளும் காட்டுக் காளானும் துணையாகும். உப்பும் சிறிது எண்ணெயும் இட்டு, அளவான தீயில் வாட்டினாற் போதும். புதிய மீனுக்கும் அன்று பறித்த காய்க்கும் அதிகச் சரக்கு வேண்டுவதில்லை.

இத்தகைய உணவை இன்று வசதி படைத்தோரின் நாகரிக ரசனை என்று கருதுவோர் உளர். விலையை நோக்கின் அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், இவ்வுணவை உண்டாக்கியவர் வசதி படைத்தோர் அல்லர். அந்தத் தட்டிலே கிடக்கும் ஒவ்வொன்றின் பின்னாலும் உழைத்தோரும் உரிமை இழந்தோரும் நிற்கின்றனர்.

முதலில் நிற்பவர் பூர்வகுடிகள். பருவத்தின் முதல் மீனை விருந்தாளியாக வரவேற்று, அனைவரும் பகிர்ந்துண்டு, எலும்பை மீண்டும் ஆற்றிலே சேர்ப்பது அவர்களுட் பலரின் மரபு. மீனைத் தேவதாருக் கழிகளிற் கோத்து நெருப்பருகே நிறுத்தி வாட்டுவதும், புகையூட்டி மாரிகாலத்துக்குச் சேமிப்பதும் அவர்கள் கண்ட முறைகளே. 1854, 1855ஆம் ஆண்டுகளில் ஆளுநர் ஐசக் ஸ்ரீவன்ஸ் அவர்களோடு உடன்படிக்கைகள் செய்து பெருநிலப்பரப்பை அரசுக்குரியதாக்கினார். நிலத்தை விட்டுக்கொடுத்த அம்மக்கள், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வுரிமை உடன்படிக்கைகளில் எழுத்தாகவே பொறிக்கப்பட்டது.

அடுத்து வந்தது மூலதனம். 1866இல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹியூம் சகோதரர்களும் கூட்டாளிகளும் அவ்வாற்றின் முதல் ரின்மீன் ஆலையை அமைத்தனர். 1883ஆம் ஆண்டளவில் அங்கு நாற்பதுக்கு அண்மித்த ஆலைகள் இயங்கின; அவ்வொரு பருவத்தில் மட்டும் 600,000 பெட்டிகளுக்கு மேல் அடைக்கப்பட்டன. அம்மீனிற் பெரும்பகுதி கடல் கடந்து இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரின் மலிவான உணவாயிற்று. ஆற்றங்கரையில் அதனை வெட்டிச் சுத்தஞ் செய்தோர் சீனத் தொழிலாளர். அவர்கள் கைத்திறனால் ஆலைகள் செழித்தன. ஆயினும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையே தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீனை வெட்டும் இயந்திரமொன்று சியாற்றிலில் உருவாக்கப்பட்டபோது, அதற்குச் சீனரை இழிக்கும் வசைச்சொல்லையே பெயராகச் சூட்டி விற்றனர். ஒரு மனிதனின் வேலையையும் பறித்து அவன் மானத்தையும் பறித்த பெயர் அது.

சீனர் குறைந்த இடத்தை யப்பானியரும், பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் நிரப்பினர். அலாஸ்கா ஆலைகளுக்குப் பருவந்தோறும் சென்ற பிலிப்பைன்ஸ் தொழிலாளர் 1933இல் சியாற்றிலில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1936இல் அதன் தலைவரும் செயலாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சங்கமோ அழியவில்லை.

இனி, சந்தைக்கு வருவோம். 1907ஆம் ஆண்டளவில் சியாற்றில் நகரில் வெங்காயம் முதலியவற்றின் விலை தாங்கொணாது ஏறிற்று. உழவருக்கும் உண்போருக்கும் இடையில் நின்ற தரகரே இதற்குக் காரணமென மக்கள் கொதித்தனர். நகரசபை உறுப்பினர் தோமஸ் ரெவெல் என்பாரின் முயற்சியால் அவ்வாண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் பைக் பிளேஸ் என்னுமிடத்தில் உழவர் நேரடியாக விற்கும் சந்தை திறக்கப்பட்டது. முதல்நாள் வந்த வண்டிகள் ஒருசில. காத்து நின்ற கூட்டமோ ஆயிரக்கணக்கில். நண்பகலுக்கு முன்னரே யாவும் விற்றுத் தீர்ந்தன. தரகனை ஒதுக்கினால் உழவனும் வாழ்வான், உண்பவனும் வாழ்வான் என்னும் எளிய உண்மைக்கு அச்சந்தை சான்றாயிற்று.

அச்சந்தையில் காய்கறி விற்றோருட் பெரும்பான்மையினர் யப்பானிய வமிசத்தினராயினர். புலம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறையினர் குடியுரிமை பெறவியலாதிருந்தனர். 1921ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அவர்கள் நிலம் வாங்குவதையும் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தது. அதனையும் பொறுத்துப் பயிரிட்டனர். 1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்க ஆணையிற் கையொப்பமிட்டார். மேற்குக் கரையினின்று ஏறத்தாழ 120,000 யப்பானிய வமிசத்தினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அந்நாட்டிற் பிறந்த குடிமக்கள். சந்தைக் கடைகள் வெறுமையாயின. போருக்குப் பின் திரும்பி வந்து விற்றோர் சிலரே. 1988இல் அரசு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தோருக்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்க முன்வந்தது. அழிந்த தோட்டங்களுக்கு அது ஈடாகுமா? சந்தையையே இடித்துப் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, 1971இல் நகரமக்கள் வாக்களித்து அதனைக் காத்தனர்.

ஆற்றின் கதை இதனினும் துயர் மிக்கது. கொலம்பியா ஆற்றின் சீலைலோ அருவி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் மீன்பிடித்தும் பண்டம் மாற்றியும் வந்த இடம். 1957 மார்ச் 10ஆம் நாள் டாலஸ் அணைக்கட்டின் கதவுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் அருவி நீருள் மறைந்தது. கரையிலே கூடி நின்று கண்ணீர் விட்டோர் கேட்டுவந்த அருவியின் ஓசை அன்றோடு நின்றது. மின்சாரம் கிடைத்தது, நட்டஈட்டுப் பணமும் கிடைத்தது, அருவி கிடைக்கவில்லை.

ஆயினும் அவர்கள் அழுததோடு அமையவில்லை. நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி பிராங் 1945இல், தமது பதினான்காம் வயதில், மீன்பிடித்தமைக்காக முதன்முறை கைதானார்; பின்னர் ஐம்பது தடவைக்கு மேற் கைதானார். 1960களில் அவரும் தோழரும் தடையை மீறி வலை வீசினர்; பொலிசாரின் தடியடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் ஆளாகினர். 1974 பெப்ரவரி 12இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ற் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை உடன்படிக்கைக் குடிகளுக்கு உரியது. 1979இல் உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பின் சாரத்தை ஏற்றது. நூற்றிருபது ஆண்டுகட்கு முன் எழுதிய சொல்லுக்கு இறுதியில் உயிர் வந்தது. அதன் பயன் மீன் பங்கீட்டோடு நிற்கவில்லை. 2011 முதல் 2014 வரை எல்வா ஆற்றின் இரு அணைகள் அகற்றப்பட்டன. 2024இல் கிளமத் ஆற்றின் நான்கு அணைகள் அகற்றப்பட்டு முடிந்தன; அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே மீன் அணைகள் நின்ற இடத்தைக் கடந்து மேலே சென்றது.

பருவத்துக்கேற்ற உணவை வீட்டிற் சமைத்துண்பது நல்லதே. அதனை நாம் இகழவில்லை. ஆனால், அது கடையில் விலை கொடுத்துப் பெறும் ரசனை மட்டுமன்று. ஆறு ஓட வேண்டும். நிலம் உழுபவனுக்குக் கிட்ட வேண்டும். சந்தை மக்கள் கையில் இருக்க வேண்டும். மீனை வெட்டுபவன் மானத்தோடு வாழ வேண்டும். இவை இல்லாத இடத்தில் பருவம் வரும், போகும். உணவு மட்டும் வாராது. முதல் மீனின் எலும்பை ஆற்றிலே சேர்த்த மக்கள் இதனை அறிந்திருந்தனர். அடுத்த முறை ரின்மீனைத் திறக்கும்போது, அதன் மேலுள்ள பெயர் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதை எமது பிள்ளைகளுக்கு நாமும் சொல்லிவைப்போம்.