மெழுகு எங்கிருந்து வந்தது? கைவினை மெழுகுவர்த்தி பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

தெலுங்கில் மெழுகுவர்த்தியைக் கொவ்வொத்தி என்பார்கள். கொவ்வு என்றால் கொழுப்பு, ஒத்தி என்றால் திரி. இந்தியில் மோம்பத்தி, அதிலுள்ள மோம் மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல். கன்னடத்தில் மேணதபத்தி, மலையாளத்தில் மெழுகுதிரி, தமிழில் மெழுகுவர்த்தி. இப்பெயர்கள் அனைத்தும் எரியும் பொருளையும் திரியையுமே சொல்கின்றன. அதைச் செய்தது கையா, எந்திரமா என்பதைப் பற்றி அவற்றுக்கு அக்கறை இல்லை. தெலுங்குப் பெயரோ இன்று கடையில் கிடைக்காத ஒரு பொருளின், அதாவது விலங்குக் கொழுப்பால் செய்த திரியின் நினைவையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறது.

கையால் செய்த மெழுகுவர்த்தி உயர்ந்தது, ஆலையில் செய்தது தாழ்ந்தது என்ற ஒப்பீடு இப்போது விளம்பரங்களில் மட்டுமன்றி, கைவினை குறித்த ஆய்வேடுகளிலும் எளிதாக நுழைந்துவிடுகிறது. நெசவுக்கும் மட்பாண்டத்துக்கும் நாம் பயன்படுத்தும் அளவுகோலை அப்படியே மெழுகுவர்த்தியின் மீதும் வைத்துவிடுகிறோம். அது பொருந்தாது என்பது என் கருத்து. மெழுகுவர்த்தியின் வரலாற்றில் பெரிய மாற்றங்கள் அதை உருவாக்கும் கையில் நிகழவில்லை. மெழுகிலும் திரியிலும் நிகழ்ந்தன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது மெழுகு எங்கிருந்து வந்தது என்பதையே.

எந்திரத்துக்கு முந்தைய காலத்தை எடுத்துக்கொள்வோம். அக்பரின் அரண்மனை நடைமுறைகளைப் பதிவு செய்த அபுல் ஃபஸல், அயினி அக்பரியில் விளக்கேற்றத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். சூரியன் மறைவதற்குச் சற்று முன்பாகப் பொன்னும் வெள்ளியுமான பன்னிரண்டு தண்டுகளில் காஃபூரி எனப்படும் கற்பூரத் திரிகளை ஏற்றிப் பேரரசர்முன் கொண்டுவந்தார்கள் என்கிறார் அவர். ஓர் ஆளின் உயரத்தையும் விஞ்சிய மெழுகுத்திரிகள் செய்யப்பட்டதையும் குறிப்பிடுகிறார். இவை முழுமையாகக் கைவினைப் பொருள்கள்தாம். ஆனால் அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களுக்கு விளக்கு என்றால் அகலும் எண்ணெயுமே. கையால் செய்த மெழுகுவர்த்தியின் பொற்காலம் என்று ஒன்றைக் கற்பனை செய்வோமானால், அது மிகச் சிலருக்கு மட்டுமே ஒளி தந்த காலம்.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. லண்டனில் கொழுப்புத்திரி செய்வோருக்கும் தேன்மெழுகுத்திரி செய்வோருக்கும் தனித்தனிக் கைத்தொழில் சங்கங்கள் இருந்தன. முன்னவர் 1462இலும் பின்னவர் 1484இலும் அரச சாசனம் பெற்றார்கள். செய்பொருள் ஒன்றேயாயினும், மூலப்பொருள் வேறாதலால் தொழிலும் வேறாயிற்று, வாங்குவோரும் வேறாயினர். தேன்மெழுகு தேவாலயத்துக்கும் செல்வர் வீட்டுக்கும் போயிற்று. ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் ஏழையின் வீட்டில் புகைந்தன. கொழுப்புத்திரியின் திரிமுனையை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். கத்தரிக்காவிட்டால் சுடர் மங்கிப் புகை மண்டும். நாற்றமும் குறைவன்று. இதுவும் கையால் செய்ததுதான் என்பதை நினைவில் கொள்க.

இந்த நாற்றத்தின் காரணத்தை விளங்கவைத்தது வேதியியல். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த சேர்மம் என்று பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஷெவ்ரோல் கண்டறிந்து 1823இல் நூலாக வெளியிட்டார். கிளிசரினை நீக்கிவிட்டால் எஞ்சும் ஸ்டியரிக் அமிலம் கெட்டியாக, வெண்மையாக, கண்ணை உறுத்தும் புகையின்றி எரியும். 1825இல் ஷெவ்ரோலும் கே-லுசாக்கும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அதே ஆண்டு காம்பசெரெஸ் பின்னல் திரியை அறிமுகப்படுத்தினார். முறுக்கிய நூல்திரி நிமிர்ந்து நின்று கரியாகும். பின்னிய திரி எரிய எரிய ஒருபுறம் வளைந்து, சுடரின் வெளிவிளிம்பைத் தொட்டுத் தானே சாம்பலாகிவிடும். கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று. எந்த ஓவியத்திலும் இடம்பெறாத இந்தச் சிறு பின்னலை, மெழுகுவர்த்தி வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பாகவே நான் மதிக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகுதான் எந்திரம் வருகிறது. 1834இல் ஜோசப் மார்கன் உருவாக்கிய வார்ப்பு எந்திரம், இறுகிய வர்த்திகளை அச்சுக்குழாயிலிருந்து உந்துதண்டால் வெளியே தள்ளியது. அவை வெளியேறும்போதே அடுத்த வார்ப்புக்கான திரியும் குழாய்க்குள் இழுபட்டுவிடும். தேன்மெழுகு மட்டும் இந்த எந்திரத்துக்கு எளிதில் வசப்படவில்லை. மைக்கேல் ஃபாரடே 1860-61ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இளைஞர்களுக்கு நிகழ்த்திய புகழ்பெற்ற மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில் இதைக் குறிப்பிடுகிறார்: தேன்மெழுகை அச்சில் வார்க்க இயலாமையால், தொங்கவிட்ட திரிகளின் மீது உருகிய மெழுகை மீண்டும் மீண்டும் ஊற்றிப் பின்னர் உருட்டி வடிவாக்கினார்கள். எதைக் கையால் செய்வது, எதை எந்திரத்தால் செய்வது என்பதையும் இங்கே பொருளின் இயல்பே தீர்மானித்திருக்கிறது.

ஆலையின் மெழுகுவர்த்திக்குத் தெற்காசியாவோடு நேரடி உறவுண்டு. லண்டனில் 1830இல் தொடங்கப்பட்டுப் பிரைஸ் என்ற பெயரில் வளர்ந்த நிறுவனம், தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த கெட்டிக்கொழுப்பைப் பயன்படுத்திற்று. அதற்காக இலங்கையில் தென்னந்தோட்டமே வாங்கியிருந்தது. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்தின்போது வீட்டுச் சாளரங்களில் விளக்கேற்றும் வழக்கத்தைக் கருதி, இந்நிறுவனம் கத்தரிக்கத் தேவையில்லாத மலிவு வர்த்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தென்னைக்குப் பின் பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகள் வந்தன. 1850களில் ரங்கூன் எண்ணெய் என்ற பெயரில் பீப்பாய் பீப்பாயாக லண்டன் சென்ற கச்சா எண்ணெயிலிருந்து பாரஃபின் பிரிக்கப்பட்டு, பெல்மான்டைன் என்ற பெயரில் வர்த்திகளாக விற்கப்பட்டது. அந்த எண்ணெய்க்குப் பெயர்பெற்ற யேனங்யவுங்கின் கிணறுகள், பரம்பரை உரிமை பெற்ற குடும்பங்களின் மேற்பார்வையில் மனிதர்கள் கயிற்றில் இறங்கித் தோண்டியவை. அடியில் நிறைந்திருக்கும் வாயுவினால் ஒருவர் சில நொடிகளுக்குமேல் உள்ளே நின்று தோண்ட இயலாது. லண்டன் கடையில் அது எந்திரப்பொருள். அதன் மறுமுனையில் உயிரைப் பணயம் வைத்த கைகள் இருந்தன.

ஒரே தரம், ஒரே அளவு என்பதையும் குறையாக மட்டும் கருத வேண்டியதில்லை. பிரிட்டனில் 1860ஆம் ஆண்டின் நகர எரிவாயுச் சட்டம் ஒளியை அளக்க ஒரு மெழுகுவர்த்தியையே அலகாக வைத்தது. திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த ஸ்பெர்மசெட்டி மெழுகால் ஆனது. எடை ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு. மணிக்கு 120 கிரெயின், அதாவது ஏறத்தாழ 7.8 கிராம் எரிய வேண்டும். ஒன்றுபோல் ஒன்று எரியும் என்ற நம்பிக்கை இல்லாத உலகில் இப்படியொரு சட்டத்தை எழுதியிருக்க முடியாது. விளக்கின் ஆற்றலை ‘கேண்டில் பவர்’ என்று சொல்லிவந்த வழக்கம் இதன் மிச்சம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1886இல் நிறுவப்பட்ட பர்மா ஆயில் கம்பெனி, ரங்கூனுக்கு அருகில் சிரியம் சுத்திகரிப்பாலையில் மண்ணெண்ணெயோடு மெழுகையும் பிரித்தெடுத்தது. அசாமில் திக்பாய் சுத்திகரிப்பாலை 1901இல் இயங்கத் தொடங்கியது; அதன் மெழுகுக்கு இன்றும் நல்ல பெயருண்டு. கொழுப்புத் தோட்டாக்கள் 1857இல் எத்தகைய கொந்தளிப்பை மூட்டின என்பதை அறிந்தவர்களுக்கு, மண்ணிலிருந்து வந்த இந்த மெழுகு எவ்வளவு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை. பசுவும் பன்றியும் கலவாத பொருள். கோயிலிலும் தர்காவிலும் தேவாலயத்திலும் தயக்கமின்றி ஏற்றலாம். கொவ்வொத்தி என்ற பெயர் நிற்க, அதிலிருந்த கொவ்வு மட்டும் வெளியேறிவிட்டது.

நாம் ‘கைவினை’ என்று நினைக்கும் இந்திய மெழுகுவர்த்தி இந்தச் சுத்திகரிப்பாலையின் பிள்ளை. சிறு பட்டறையில் நடப்பதை நோக்குங்கள். பாரஃபின் பாளங்களைப் பெரிய பாத்திரத்தில் உருக்குகிறார்கள். இரு பாதியாகத் திறக்கும் அலுமினிய அச்சின் உட்புறத்தில் எண்ணெய் தடவுகிறார்கள்; திரிநூலை வரிசையாக இழுத்துக் கட்டி, அச்சை மூடித் தண்ணீர்த் தொட்டியில் வைக்கிறார்கள். மெழுகை ஊற்றுகிறார்கள். மெழுகு இறுகும்போது சுருங்கி நடுவில் குழிவிழும். மீண்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். பிறகு அச்சைத் திறந்து, நூலை வெட்டி, அடியைச் சமன் செய்து, எண்ணிப் பொட்டலமிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி. இதில் திறமை இல்லை என்று சொல்பவர் ஒருமுறை ஊற்றிப் பார்க்கட்டும்; மெழுகின் சூடு சற்றுத் தவறினாலும் வர்த்தியில் விரிசலோ குமிழோ விழுந்துவிடும். ஆயினும் அவர்கள் பெயரருகே கைவினைஞர் என்ற சொல்லை யாரும் எழுதவில்லை.

அரசும் எழுதவில்லை. கதரைச் சட்டம் எப்படி வரையறுத்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் கதர், கிராமத் தொழில் ஆணையச் சட்டத்தின்படி நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும், துணியும் கைத்தறியில் நெய்ததாக இருக்க வேண்டும். மூலப்பொருள் நிலையிலேயே கை வந்துவிடுகிறது. மெழுகுவர்த்திக்குக் கிடைத்ததோ வேறு வகைப் பாதுகாப்பு. 1967இல் 47 பொருள்களுடன் தொடங்கிப் பின்னாளில் எண்ணூறைத் தாண்டிய சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலில் அது இடம்பெற்றது. அப்பட்டியலின் அளவுகோல், ஆலை எந்திரங்களில் போட்ட முதலீட்டின் அளவு. கையால் செய்தாலும் சிறு எந்திரத்தால் செய்தாலும் முதலீடு வரம்புக்குள் இருந்தால் போதும். கைவினை மெழுகுவர்த்தி என்ற ஒன்று அச்சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

மறுபுறம், மெழுகு சட்டத்தின் கண்ணில் நன்றாகவே பட்டது. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 1972இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, பாரஃபின் மெழுகின் வழங்கலையும் பகிர்வையும் விலையையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பட்டறைக்காரரின் சுதந்திரம் அச்சின் விளிம்போடு முடிந்தது. எந்த விலைக்கு எவ்வளவு மெழுகு கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. தறிக்காரருக்கு நூல் ஆலையோடு நேர்ந்த அதே சிக்கல்தான். ஆனால் தறிக்காரருக்குக் குரல்கொடுக்க ஓர் இயக்கம் இருந்தது.

ஒதுக்கீட்டுப் பட்டியல் படிப்படியாகச் சுருங்கியபோதும் மெழுகுவர்த்தி கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, கண்ணாடி வளையல், பூட்டு முதலியவற்றோடு எஞ்சிய 20 பொருள்களில் அதுவும் ஒன்று. 2015 ஏப்ரலில் அந்த இருபதும் நீக்கப்பட்டன. மின்வெட்டு குறைந்து, மின்கலத்தில் இயங்கும் எல்.இ.டி. விளக்குகள் மலிந்துகொண்டிருந்த நேரம் அது. எனவே அந்நீக்கத்தைப் பற்றிப் பெரிய வருத்தம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அதே பொருள் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. கண்ணாடிக் குவளையில் சோயா மெழுகு, நறுமணம், ‘கைவினை’ என்னும் சீட்டு. சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கப்பட்ட எண்ணெய். ஷெவ்ரோல் காலத்துக் கொழுப்பு வேதியியலின் வழித்தோன்றல், பேராலை இல்லாமல் பிறக்காது. குவளையில் ஊற்றுவதற்கு, அலுமினிய அச்சில் ஊற்றுவதைவிடக் குறைந்த பயிற்சி போதும். ஊற்றுபவருக்குக் கிடைக்கும் பெயரில்தான் வேறுபாடு.

மும்பை பாந்த்ராவின் மவுண்ட் மேரி திருவிழாவில், செப்டம்பர் மாதம், தெருவோரக் கடைகளில் மெழுகால் செய்த கை, கால், குழந்தை, வீடு ஆகிய உருவங்கள் விற்கப்படுகின்றன. கால்வலி தீரக் கால் வாங்குவார்கள், வீடு வேண்டுவோர் வீடு வாங்குவார்கள். அங்கே வாங்குபவர் கையா எந்திரமா என்று கேட்பதில்லை. கேட்பது, கால் முழுதாக இருக்கிறதா, விரல் ஏதும் உடைந்திருக்கிறதா என்பதை மட்டுமே.