சமயமல்லாத ஒரு சபையின் வழிபாட்டு இல்லங்கள்: அடையாறு பிரம்மஞான சபைத் தலைமையகத்தின் கட்டட வரலாறு (1882–1937)

ஆய்வுச் சுருக்கம்

தன்னை ஒரு சமயமாகக் கருதாத பிரம்மஞான சபை, சென்னை அடையாற்றிலுள்ள தன் உலகத் தலைமையகத்தில் பல சமயங்களுக்குத் தனித்தனி வழிபாட்டிடங்களை எழுப்பியது. அவை சபையின் தொடக்கக் கொள்கையிலிருந்து இயல்பாக விளைந்தவை என்பது பொதுவான கருத்து. கட்டடங்கள் எழுந்த வரிசையை நோக்கினால் வேறொரு வரலாறு தெரியவருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்னுரை

பிரம்மஞான சபை 1875 நவம்பர் 17இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்றது. ஹெலெனா பெத்ரோவ்னா பிளாவாட்ஸ்கி, கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் ஆகியோர் அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர்கள். இனம், சமயம், பால், சாதி, நிறம் என்னும் வேறுபாடுகளைக் கருதாத மானுடச் சகோதரத்துவமும், சமயம், தத்துவம், அறிவியல் ஆகியவற்றின் ஒப்பாய்வும் அதன் நோக்கங்களுள் அடங்கும். உண்மையினும் உயர்ந்த சமயம் இல்லை என்பது அதன் இலச்சினைத் தொடர். வடமொழியில் இத்தொடர் 'தர்மம்' என்னும் சொல்லைக் கொண்டிருக்க, ஆங்கிலத்தில் அதுவே சமயம் என்னும் பொருள் தரும் சொல்லாயிற்று. தமிழிலோ சபையின் பெயரே 'பிரம்மஞானம்' என வழங்கியதால், அது சமய அமைப்பு அன்று என்று விளக்குவது தமிழ்நாட்டில் எப்போதுமே சற்றுக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

இச்சபையின் தலைமையகத்துக்குள் இந்துக் கோயில், பௌத்தக் கோயில், கிறித்தவச் சிற்றாலயம், பார்சி ஆலயம், பள்ளிவாசல் ஆகியன உள்ளன. சமயம் அல்லாத ஒரு சபைக்கு இத்தனை வழிபாட்டிடங்கள் ஏன் தேவைப்பட்டன? 'எல்லாச் சமயமும் ஒன்றே' என்னும் வழக்கமான விடை இங்குப் போதாது. அக்கொள்கை 1882இலேயே இருந்தது. கோயில்களோ 1925ஐ ஒட்டியே எழுந்தன. இடைப்பட்ட நாற்பதாண்டுகளுக்கும் விளக்கம் வேண்டும்.

தோட்ட வீடும் மாடியறையும்

சபையின் இந்தியப் பணி பம்பாயில் தொடங்கியது. 1882 மே இறுதியில் அடையாற்றின் தென்கரையில், கழிமுகத்தை ஒட்டியிருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை நிறுவனர் இருவரும் பார்வையிட்டனர். அது 27 ஏக்கர் பரப்புடையது. ஒரு பெரிய மாளிகையும் ஆற்றோரத்தில் சிறு பங்களாக்களும் அதில் இருந்தன. விலை எதிர்பாராத அளவுக்குக் குறைவு. அதற்குக் காரணம் புகைவண்டி. நீலகிரி அடிவாரம் வரை இருப்புப்பாதை சென்றபின் ஐரோப்பிய அதிகாரிகள் கோடைக்கு உதகைக்குச் செல்வது எளிதாயிற்று. சென்னையின் பெரிய தோட்ட வீடுகள் மதிப்பிழந்து விற்பனைக்கு வந்தன. புனிதத் தலமென்றோ தொன்மைச் சிறப்புக் கருதியோ தேர்ந்தெடுக்கப்பட்ட இடமன்று இது. காலனிய அதிகார வர்க்கத்தின் வாழ்முறை மாறியதால் சந்தைக்கு வந்த சொத்து. 1882 டிசம்பரில் சபை இங்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் வளாகத்தில் கோயில் எதுவும் இல்லை. ஆனால் வழிபாட்டுக்கு ஒப்பான ஓரிடம் இருந்தது. மாளிகையின் மாடியில் பிளாவாட்ஸ்கியின் படுக்கையறைக்கு அடுத்திருந்த அறையில் மரத்தாலான ஓர் அலமாரி சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. 'திருமாடம்' எனக் கருதப்பட்ட அதனுள் மகாத்மாக்களின் உருவப்படங்கள் வைக்கப்பட்டிருந்தன. அதன்வழியே அவர்களின் மடல்கள் தோன்றுவதாக உறுப்பினர் பலர் நம்பினர். அந்த அறைக்குள் நுழைவதே ஒரு பேறாகக் கருதப்பட்டது.

1884இன் தொடக்கத்தில் நிறுவனர் இருவரும் ஐரோப்பா சென்றனர். வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த எம்மா கூலோமும் மரவேலை அறிந்த அவர் கணவரும் அவ்வாண்டு மே மாதம் வெளியேற்றப்பட்டனர். செப்டம்பரில், பிளாவாட்ஸ்கி எழுதியவை என எம்மா கூலோம் அளித்த கடிதங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் வெளியிட்டது. அலமாரியின் பின்புறம் வழியே மடல்கள் வைக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டின் சாரம். இலண்டனின் உளவியல் ஆய்வுக் கழகம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அவ்வாண்டு இறுதியில் அடையாறு வந்தபோது ஆராய்வதற்கு அலமாரியே இல்லை. அதற்கு முன்பே, செப்டம்பரில், தலைமையகத்தில் இருந்தவர்களே அதனைப் பிரித்து எரித்துவிட்டிருந்தனர். 1885 டிசம்பரில் வெளியான அறிக்கை பிளாவாட்ஸ்கிக்கு எதிராக அமைந்தது. அவ்வறிக்கையின் முறையியலைக் கடுமையாகக் குறைகூறும் வெர்னன் ஹாரிசனின் கட்டுரையை அதே கழகத்தின் இதழ் 1986இல் வெளியிட்டது. மோசடி நிகழ்ந்ததா என்னும் வினா இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்குக் கருதத்தக்கது, வளாகத்தின் முதல் வழிபாட்டிடம் அதன் உறுப்பினர்கள் கையாலேயே அழிந்தது என்பதே. பிளாவாட்ஸ்கி 1885 மார்ச் இறுதியில் சென்னையை விட்டுக் கப்பலேறினார். பின்னர் இந்தியாவுக்குத் திரும்பவேயில்லை.

அலமாரிக்குப் பின் நூலகம்

அடுத்து ஆல்காட் மேற்கொண்ட பெரும்பணி நூலகம். 1886 டிசம்பர் 28இல் அடையாறு நூலகம் திறக்கப்பெற்றது. ஆல்காட் தம் சொந்த நூல்களை அளித்து அதனைத் தொடங்கினார். திறப்பு விழாவில் இந்து, பௌத்த, பார்சி, இசுலாமியச் சமயத்தார் தத்தம் முறைப்படி வாழ்த்துரைத்தனர். பல சமயச் சடங்கினரும் ஒருங்கே கூடிய இந்நிகழ்ச்சி ஒரு கோயிலைத் திறப்பதற்காக அன்று, நூல்களுக்கான ஓரிடத்தைத் திறப்பதற்காகவே நடந்தது.

அலமாரி எரிந்ததற்கும் நூலகம் எழுந்ததற்கும் நேரடிக் காரணத் தொடர்பு காட்டுவது மிகையாகலாம். எனினும் காலவரிசை பொருட்படுத்தத்தக்கது. மறைவாக வரும் மடல் சான்றாக நின்ற இடத்தில், எவரும் எடுத்துப் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஓலைச்சுவடி வந்து நின்றது. 1905 முதல் நூலகத்தை வழிநடத்திய ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஷ்ராடர் பாஞ்சராத்திரம் பற்றி எழுதிய நூல் 1916இல் இந்நூலகத்தின் வெளியீடாக வந்தது. அந்நூல் அச்சேறிய நாளில் அவர் முதல் உலகப்போரின் பகைநாட்டுக் குடிமகனாகக் காவலில் இருந்தார். நூலக இதழான 'பிரம்மவித்யா' 1937இல் தொடங்கியது. இன்றைய தனிக் கட்டடத்துக்கு நூலகம் 1968இல் மாறியது.

மாளிகையின் பெருமண்டபமும் இதே மனப்பாங்கைக் காட்டுவது. கண்ணன், புத்தர், சரதுஷ்டிரர், கிறித்து ஆகியோரின் புடைப்புருவங்கள் அதன் சுவர்களில் ஒருங்கே அமைந்துள்ளன. இசுலாத்துக்கு உருவம் இன்றி, அரபு எழுத்தில் குர்ஆன் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. உருவம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்த இந்நயம் பாராட்டத்தக்கது; அடுத்தவர் சமயத்தை அதன் விதிப்படியே மதிக்கும் முயற்சி அது. இம்மண்டபத்தில் பூசை இல்லை. கருத்தரங்குக்கு வருவோர் எல்லாச் சமயத்தையும் ஒரே கூரையின்கீழ்க் காண்பர். எதையும் வணங்க வேண்டியதில்லை.

மதிலுக்கு வெளியே

சகோதரத்துவம் மதிலுக்கு வெளியே எவ்வாறு செயற்பட்டது என்பதைக் காணாமல் வளாகத்தை மட்டும் விவரிப்பது அரை வரலாறே. 1894இல் ஆல்காட், தலைமையகத்தை அடுத்த ஊரூர்ப் பகுதியில், அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் நகரின் வேறு பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. அருகிலுள்ள மீனவர் குடியிருப்பு இன்றும் ஊரூர் ஆல்காட் குப்பம் என்றே வழங்குகிறது.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டை அணுகினார். ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று, வித்யோதயப் பிரிவேனாவின் தலைவர் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார்; அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. தமிழ்ப் பௌத்தத்தின் மறுமலர்ச்சிக்கு அடையாறு ஒரு வாயிலாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மறுமலர்ச்சி அடையாற்றில் தங்கவில்லை. இராயப்பேட்டை, பெரம்பூர், கோலார் தங்கவயல் எனத் தொழிலாளர் வாழ்ந்த இடங்களில் அது வேரூன்றியது. தலைமையக வளாகத்துக்குள் பௌத்தக் கோயில் எழுந்தபோது அயோத்திதாசர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தாமரைக் குளத்தை முன்னே கொண்ட அச்சிறு கோயிலின் அழகை வருணிப்போர், அதனைத் தமிழ்ப் பௌத்தத்தின் தொடர்ச்சியாகக் காட்டுவது பொருந்தாது. ஒன்று ஒப்பாய்வுச் சபையின் அடையாளம். மற்றொன்று சாதி மறுப்பின் வாழ்முறை.

விரிந்த வளாகம்

ஆல்காட் 1907 பிப்ரவரி 17இல் அடையாற்றில் காலமானார். அடுத்த தலைவரான அன்னி பெசண்ட் அண்டைத் தோட்டங்களைத் தொடர்ந்து வாங்கினார். 27 ஏக்கர் சில ஆண்டுகளிலேயே பன்மடங்காகப் பெருகியது. புகழ்பெற்ற ஆலமரம் அவ்வாறு வந்துசேர்ந்த நிலத்தில் உள்ளது. 1908இல் வசந்தா அச்சகமும், 1910இல் லெட்பீட்டர் பெயரிலான விடுதியும் எழுந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து நிலையாகத் தங்குவோருக்கு இடம் வேண்டியிருந்தது. தலைமையகம் ஓர் அலுவலகம் என்னும் நிலையிலிருந்து குடியிருப்பாக மாறியது. குடியிருப்புக்கு வழிபாட்டிடம் தேவைப்படுவது இயல்பே. கோயில்கள் எழுந்ததற்கு இவ்வன்றாடத் தேவையும் ஒரு காரணம் என்பதை இதுவரையிலான விளக்கங்கள் போதிய அளவு கருதவில்லை.

இன்னொரு காரணம் கோட்பாடு சார்ந்தது. 1909இல் பணிநிமித்தம் வந்த ஜிட்டு நாராயணய்யாவின் குடும்பத்துக்கு வளாகத்தினுள் வீடு கிடைக்காமல் வெளியே ஒரு சிறு வீடு தரப்பட்டது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியை லெட்பீட்டர் கடற்கரையில் கண்டு, வரவிருக்கும் உலக ஆசானின் ஊர்தியாக அறிவித்தார். ஓர் ஆசான் வருகிறார் என்றபின், ஒப்பாய்வு எதிர்பார்ப்பாக மாறுகிறது. எதிர்பார்ப்புக்குச் சடங்கு துணையாகிறது. 1916இல் லெட்பீட்டர் தாராளக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயரானார். 1925 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமனில் பெசண்ட் 'உலகச் சமயம்' ஒன்றை அறிவித்தார்.

1925

சபையின் பொன்விழா மாநாடு 1925 டிசம்பரில் அடையாற்றில் கூடியது. வளாகக் கோயில்களின் தொடக்கம் அதனை ஒட்டியதே. பாரத சமாஜத்தின் இந்துக் கோயிலில் சிலை இல்லை, ஒளியே வழிபடுபொருள். சாதி வேறுபாடின்றி எவரும் அதில் பங்கேற்கலாம் என்பது கொள்கை. வைக்கம் போராட்டம் முடிந்த அதே ஆண்டில், மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர், இக்கொள்கை சிறிதன்று. ஆயினும் அது தனியார் வளாகத்தின் உள்ளே நிகழ்ந்த சீர்திருத்தம். வாயிற்கதவைத் தாண்டி ஊர்க்கோயில்களுக்கு அது சென்று சேரவில்லை. பள்ளிவாசல் 1937இல்தான் நிறைவுற்றது.

பெருமண்டபத்தில் ஒரே சுவர்வரிசையில் அருகருகே நின்ற சமயங்கள், தோட்டத்தில் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரிந்தன. இதனைப் பன்மையின் வளர்ச்சியாகக் கொள்வாரும் உளர். மண்டபம் முன்வைத்த ஒப்பீட்டிலிருந்து இது ஒரு பின்னடைவு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஒப்பிடுபவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். வழிபடுபவர் தமக்குரிய கோயிலுக்குச் செல்கிறார். அவ்விரண்டும் இயல்பானவை, ஆனால் ஒன்றல்ல.

1925 டிசம்பர் 28 அன்று ஆலமரத்தடியில் பேசிய கிருஷ்ணமூர்த்தி, உலக ஆசானைப் பற்றிய தம் உரையின் நடுவே படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாறினார் என்பது பலர் பதிவுசெய்த செய்தி. கோயில்கள் எதற்காக எழுந்தனவோ அது நிறைவேறியதாகப் பலர் எண்ணினர். நான்காண்டு கூட நிலைக்கவில்லை. 1929 ஆகஸ்ட் 3இல் ஓமனில் தமக்கென அமைந்த விண்மீன் சங்கத்தை அவரே கலைத்தார். சமய அமைப்புகளும் சடங்குகளும் உண்மைக்கு வழியாகா என்றார். 1933இல் பெசண்ட் காலமானபின் அவருக்கு அடையாறு வளாகத்தோடு உறவு அறுந்தது. சென்னையில் அவரது இருப்பிடம் ஆற்றின் வடகரையிலுள்ள வசந்த விகாரமாயிற்று. அங்கிருந்து சபையின் வளாகம் மிக அருகில். ஆயினும் அவர் மீண்டும் அதனுள் காலடி வைத்தது 1980இல், ராதா பர்னியர் தலைவரானபின் அவர் அழைத்தபோதுதான்.