நீராவி வண்டிகளும் நாம் மறந்த பெயர்களும்

அரசர் பிறந்ததும் போர் புரிந்ததும் மட்டுமே வரலாறு என்று எண்ணுவோர் பலர். அடுப்பிற்குக் கரி தள்ளியவன் கதையும் வரலாறேயாகும். இதனை நாம் கண்கூடாக அறிந்த இடம் பீமிஷ்.

பீமிஷ் என்பது வட இங்கிலாந்தில், டர்ஹாம் வட்டாரத்தில், 1970ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திறந்தவெளிக் காட்சிசாலை. பண்டங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைக்காமல், வீடு, கடை, சுரங்கம், தண்டவாளம் யாவற்றையும் முற்காலத்தில் இருந்தவாறே வெட்டவெளியில் அமைத்திருக்கின்றனர். அந்நாட்டில் பயிலும் நம் இளவலுடன் ஒரு பகல் முழுவதும் அங்கே கழித்தோம்.

முதலிற் கண்டது 'லோகோமோஷன்' என்னும் புகைவண்டி. 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன் டார்லிங்டன் இருப்புப் பாதையில் ஓடிய இயந்திரத்தைப் போலவே 1975இல் செய்தது இது. தீயின் வெம்மை நீரைக் கொதிப்பிக்கிறது. அடைபட்ட ஆவி உந்துதண்டைத் தள்ளுகிறது. தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. கரியும் நீரும் மனித அறிவுமே உண்டு!

பாட்டையில் ஓடும் நீராவி வண்டிகளையும் கண்டு களித்தோம். இவ்வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலும் வெளியே 4 மைலுமே செல்லலாம் என்றும், 60 கஜத்திற்கு முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்றும் 1865இல் அங்கே சட்டம் செய்தனராம். புதியதைக் கண்டு அஞ்சுவது எந்நாட்டார்க்கும் பொது போலும்!

நிற்க. லோகோமோஷனை ஆக்கிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் யார்? பிரபுவின் மகனா? அல்லர். 1781இல் வைலம் என்னும் சிற்றூரில், சுரங்க இயந்திரத்திற்குக் கரி தள்ளிய ஏழைத் தொழிலாளிக்குப் பிறந்தவர். பதினெட்டு வயது வரை எழுத்தறியாதவர். பகலெல்லாம் உழைத்து இரவுப் பள்ளியில் கற்றவர். பிறந்த குடி அவரைத் தடுக்கவில்லை; கற்ற கல்வி உயர்த்திற்று.

1828இல் அதே லோகோமோஷனின் கொதிகலன் வெடித்து ஓட்டுநர் ஜான் கிரீ உயிர் நீத்தார். அந்தத் தொழிலாளியின் பெயரையும் அந்நாட்டார் இன்றளவும் ஏட்டில் பேணி வருகின்றனர். இதனை எண்ணியபோது நம் நெஞ்சு நாணிற்று. ஏன்?

மலாயாவின் முதற் புகைவண்டி 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், வெள்ளீயம் ஏற்றும் பொருட்டு, தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஓடலாயிற்று. பின்னர் நாடெங்கும் பாதை நீண்டது. காடு திருத்தி, மண் சுமந்து, கட்டை பதித்தவருள் தமிழர் எத்துணையோ பேர். நம் பாட்டனாரும் அவருள் ஒருவர். அவரோடு உழைத்துக் காய்ச்சலில் மாண்டவருள் ஒருவர் பெயரேனும் நாம் அறிவோமா? நாம் பயின்ற ஆங்கிலப் பள்ளிப் புத்தகத்தில் ஸ்டீவன்சன் இருந்தார், பாட்டனார் இல்லை.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. தோட்டத்துக் கிராணியாகிய நம் பொறுப்பில் பழைய செக்ரோல் ஏடுகள் இருந்தன. நாள்தோறும் பேர் போட்ட ஆண் பெண் அனைவர் பெயரும் அவற்றில் உண்டு. கரையான் அரித்த ஏடுகளைக் குப்பையோடு எரித்தபோது நாம் வாளாவிருந்தோம். எஞ்சியவற்றை ஊர் திரும்பிய பின் படியெடுத்து வருகிறோம்.

நீராவி வெறும் பழம்பொருளன்று. செம்பனை ஆலைகளில் இன்றும் நாரும் கொட்டை ஓடும் எரிந்து கொதிகலன் கொதிக்கிறது. அதன்முன் வியர்வை சிந்துவோருள் நம்மவரும் உளர். ஆதலின் அன்பர்களே! உங்கள் தோட்டத்து முதியோரை இன்றே அணுகிக் கேளுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். நம்மவர் பெயரை நாம் எழுதாவிடில் வேறு எவர் எழுதுவர்?